கையில் கொடுத்த உப்பு

ஓர் ஆளுநர், தன்னை நியமித்த மத்திய அரசையே மேடையில் வைத்துக் கண்டித்தார் என்றால், அதற்குக் காரணம் சொல்ல இந்த நாட்டில் ஆளுக்குப் பஞ்சமில்லை. அடுத்த தேர்தலில் நிற்கப் போகிறார் என்றார்கள் சிலர். எதிர்பார்த்த பெரிய பதவி கிடைக்காத கோபம் என்றார்கள் சிலர். மனசாட்சி என்று ஒரு நாளேடு தலையங்கம் எழுதியது. எழுதியவரே அதை முழுக்க நம்பியதாகத் தெரியவில்லை. மரக்காணம் உப்பளத்தில் மட்டும் இந்தக் குழப்பம் எதுவும் இல்லை. ஆளுநருக்கும் டெல்லிக்கும் சண்டை மூண்டதற்குக் காரணம் அந்தோணியம்மாள். அவள்தான் அவர் கையில் உப்பைக் கொடுத்தாள்.

உப்பைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பது ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிந்த சங்கதிதான். பக்கத்து வீட்டுக்காரி கேட்டால் கிண்ணத்தில் போட்டுக் கீழே வைப்பார்கள், அவள் எடுத்துக்கொள்வாள். மற்ற ஊர்களில் இது அடுப்படியோடு முடிந்துவிடும். பொழுது விடிந்தால் உப்பில் இறங்கி, பொழுது சாய்ந்தால் உப்பிலிருந்து ஏறும் ஊரில் இதை எப்படிக் கடைப்பிடிப்பது என்று கேட்கலாம். வெகு சுலபமாகக் கடைப்பிடிக்கிறார்கள். கூடை நிறைய உப்பை ஒருத்தி இன்னொருத்தியின் தலையில் ஏற்றிவிடலாம், அது வேலை. ஒரு பிடி அள்ளிக் கையில் வைத்தால் அது கொடுப்பது. வேலை எங்கே முடிகிறது, கொடுப்பது எங்கே தொடங்குகிறது என்பதில் அங்கே யாருக்கும் ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

அதிலும் அந்தோணியம்மாள் ரொம்பக் கறார். இதெல்லாம் மூடநம்பிக்கை என்று சாமியார் கோயிலில் பிரசங்கம் வைத்தபோது முதல் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக் கேட்டவள் அவள். வீட்டுக்கு வந்ததும் மகளிடம் உப்பு ஜாடியைத் தரையில் வைத்துத்தான் நகர்த்தினாள். சாமியார் சொன்னது சரிதான், ஆனால் சண்டை வந்தால் வந்து தீர்த்துவைக்க அவருக்கு நேரமிருக்காதே என்பது அவள் கட்சி.

அவளுக்கு ஜோடி முத்தம்மாள். உப்பளத்தில் ஜோடி இல்லாமல் பிழைப்பில்லை. ஒருத்தி பாத்தியோரம் நின்று கூடையை நிரப்பி, எதிரே நிற்பவளோடு சேர்த்துப் பிடித்து அவள் தலையில் ஏற்றிவிட வேண்டும். தலையில் வாங்கியவள் வரப்பு மேல் நடந்துபோய், மேட்டில் குவித்திருக்கும் உப்பு அம்பாரத்தில் கொட்டிவிட்டு வர வேண்டும். கஞ்சி குடித்த பிறகு மாற்றிக்கொள்வார்கள். ஈரம் சொட்டும் உப்புக் கூடையைத் தன்னந்தனியாகத் தலைக்கு ஏற்ற எந்தப் பெண்ணாலும் முடியாது. முயன்ற ஒன்றிரண்டு பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டில் கிடக்கிறார்கள். அந்தோணியம்மாளின் புருஷன் சவரிமுத்து காமாலையில் போனபோது மகள் பிரியங்கா தவழ்ந்துகொண்டிருந்தாள். அந்த வாரமே முத்தம்மாள் வந்து, "ஊட்ல குந்திகினு இருந்தா எவன் கஞ்சி ஊத்துவான்? வா, நான் தூக்கிவுடறேன்" என்று கூட்டிப் போனாள். அன்றிலிருந்து ஜோடி. இன்று பிரியங்கா புதுச்சேரியில் ஒரு ஜவுளிக்கடையில் நின்று புடவை விரித்துக்காட்டுகிறாள். இரண்டு பெண்களும் அதற்குள் ஒருவர் தலைக்கு ஒருவர் எத்தனை கூடை ஏற்றியிருப்பார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

ஆளுநர் வந்தது மாசி மாதத்தில். உப்பளத் தொழிலாளருக்கு ஓர் ஓய்வுக் கொட்டகை கட்டியிருந்தார்கள், அதைத் திறக்க. கொட்டகை சின்னதுதான், அதைத் திறப்பதற்குப் போட்ட பந்தல் அதைவிடப் பெரியது. கொட்டகைக்காக அவர் வருவதாக உப்பளத்தில் யாரும் நினைக்கவில்லை. உப்பளத் தொழிலாளர் கூட்டுறவு சொசைட்டிக்காரர்கள் பாடுபடும் நிலம் டெல்லி அரசுக்குச் சொந்தம். குத்தகை முடிந்து வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டிருந்தது. அது புதுப்பிக்கப்பட்டுவிட்டது, கையெழுத்து அடுத்த வாரம் என்பதைப் பெரியவர் தன் வாயால் சொல்லிவிட்டுப் போவார் என்று மேஸ்திரி தெய்வசிகாமணி அடித்துச் சொல்லியிருந்தார்.

ஆளுநருக்கு ஒரு தட்டு உப்பை வழங்க ஒரு தொழிலாளி வேண்டும் என்றார்கள். உப்பளத்துக் கஷ்டத்தை எடுத்துக்காட்டுவதற்குக் கஷ்டம் அதிகம் தெரியாத முகமாகப் பார்த்து அதிகாரிகள் பொறுக்கினார்கள். பலருக்குக் கண் சிவந்திருந்தது, பலருக்குக் காலில் வெடிப்பு. அந்தோணியம்மாள் கொஞ்சம் சிரித்த முகம். அவளைக் குளித்து வரச் சொன்னார்கள்.

"தட்ட அவரு எதுர்ல மேசைல வச்சிட்டு கும்புடு போட்டுட்டு வந்துடறேன்" என்று முதல்நாளே அவள் முத்தம்மாளிடம் சொல்லிவைத்திருந்தாள். "கைல கிய்ல குடுக்க மாட்டேன்."

"அவுரு ஆளுநரு. அவருகிட்ட சண்ட வந்தா நீ தாங்குவியா?" என்று முத்தம்மாள் சிரித்தாள்.

மேடையில் அவள் சொன்னபடிதான் செய்தாள். தட்டை மேசையில் வைத்தாள், கும்பிட்டாள், திரும்பினாள். அப்போதுதான் கீழேயிருந்து போட்டோக்காரர்கள் கத்தினார்கள்: "மேடம், கைல குடுங்க! கைல!" மிடுக்கான சீருடைக்காரர் ஒருவர் அவளைத் தோளில் தொடாமல் தொட்டுத் திருப்பிவிட்டார். ஆளுநர், பார்த்தால் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர்போல இருந்த மெலிந்த வடநாட்டு மனிதர், எழுந்து நின்று இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினார். அவ்வளவு பெரிய மனிதர் கையேந்தி நிற்கிறார். கேமராக்கள் நிற்கின்றன. பந்தலின் பக்கத்திலிருந்து முத்தம்மாளின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது: "வேணாம்டீ, கீழ வை!"

அந்தோணியம்மாள் ஒரு பிடி அள்ளி அவர் கையில் போட்டாள்.

அவர் ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டார். மொழிபெயர்க்க வந்த பேராசிரியர் மூலம் அவளிடம் கேட்டார்: "உங்களுக்கு என்ன வேண்டும்?" எல்லாம் நல்லபடியா இருக்குதுங்க ஐயா என்று சொல்லும்படி அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கையில் ஒட்டியிருந்த உப்பைப் பார்த்துப் பதறிப்போயிருந்தவளுக்குச் சொல்லிக்கொடுத்தது மறந்து, உண்மை வந்துவிட்டது.

"குத்தகைல கையெழுத்து போட்டுட்டா போதுங்க ஐயா. வேலைய பாத்துகினு போயிடுவோம்."

ஆளுநர் எழுதி வைத்திருந்த பேச்சை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு மைக்கைப் பிடித்தார். இங்கிலீஷில் வெகு நேரம் பேசினார். குரல் நடுங்கியது. பேராசிரியர் முதல் சில வரிகளைத் தமிழாக்கியவர், பிறகு வியர்த்து, பிறகு, "உங்கள் கோரிக்கைகளை மத்திய அரசு கனிவோடு பரிசீலிக்கும் என்று மாண்புமிகு ஆளுநர் நம்புகிறார்" என்று முடித்துவிட்டார். ஜனங்கள் கை தட்டினார்கள். அதிகாரிகள் மட்டும் தட்டவில்லை. இங்கிலீஷ் தெரிந்ததன் விளைவு.

அவர் உண்மையில் என்ன பேசினார் என்பது சாயங்காலம் டிவியைப் பார்த்துத்தான் உப்பளத்துக்குத் தெரிந்தது. "இந்தப் பெண்ணின் கோரிக்கையை டெல்லியில் உள்ள அரசு ஆண்டுக்கணக்காக அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறது. என்னை இங்கே அனுப்பிய அரசு அது. அதன் சார்பில் நான் வெட்கப்படுகிறேன்." ஆளுநர் என்றால் மாநிலத்தோடு மல்லுக்கட்டுகிறவர் என்று பழகிப்போயிருந்த செய்தி வாசிப்பவர்கள் இந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அதற்கு முன்னால் அந்தோணியம்மாளின் கை வந்தது, உப்போடு.

முத்தம்மாள் தன் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தவள், பக்கத்திலிருந்த ஜோடிக்காரியைத் திரும்பிப் பார்த்தாள். "நான் வேணாம்னு கத்தனேனா இல்லியா?"

முதல் சில நாட்கள் அதுகூட ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது. டீக்கடையில், "ஏம்மா அந்தோணி, எங்க எம்எல்ஏவுக்கும் ஒரு பிடி குடேன்" என்று கேட்டார்கள். அவளும் சிரித்தாள். மாதம் முடிவதற்குள் ஆளுநரை எங்கோ ஒரு சின்ன மலை மாநிலத்துக்கு மாற்றிவிட்டார்கள். சிரிப்பு குறைந்தது. அதன் பின்னால் சொசைட்டிக்கு உத்தரவு வந்தது: குத்தகை விஷயம் மறுபரிசீலனையில் இருப்பதால், முடிவு தெரியும்வரை யாரும் பாத்தியில் இறங்கக் கூடாது. பங்குனி, சித்திரை, வைகாசி. வெயில் கொளுத்துகிற, உப்பு தானாகப் பூக்கிற மாதங்கள். பாத்திகளில் உப்பு வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடந்தது. வார ஆளில்லை. சாலையில் காரை நிறுத்தி இறங்கியவர்கள், எவ்வளவு அழகு என்று அதைப் படமெடுத்துக்கொண்டு போனார்கள்.

சனம் சிதறியது. சிலர் புதுச்சேரிக்குக் கட்டட வேலைக்குப் போனார்கள். சிலர் குயிலாப்பாளையம் பக்கம் கெஸ்ட் ஹவுஸ்களில் பெருக்கித் துடைக்கப் போனார்கள். முத்தம்மாளின் மகன் வேல்முருகனுக்கு வைகாசியில் நிச்சயித்திருந்த கல்யாணம் தள்ளிப்போனது. தள்ளிப்போன கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் காத்திருக்கவில்லை. அதற்குப் பிறகு முத்தம்மாள் குழாயடியில் அந்தோணியம்மாளைப் பார்த்தால் குடத்தை எடுத்துக்கொண்டு நகர ஆரம்பித்தாள்.

டெல்லியைத் திட்ட ஊரில் யாருக்கும் தோன்றவில்லை என்பதில்லை. திட்டினார்கள். ஆனால் டெல்லி தொலைவில் இருந்தது. அந்தோணியம்மாள் அடுத்த தெருவில் இருந்தாள்.

அவள் தன் பக்கத்து நியாயத்தை யோசித்துப் பார்த்தாள். யோசிக்க நிறைய நேரம் இருந்தது. ஒருநாள் மேஸ்திரி தெய்வசிகாமணியை வழிமறித்துக் கேட்டாள்:

"உப்ப குடுத்தவ நானு. வாங்கனவரு அவரு. சண்ட வர்றதுன்னா எனக்கும் அவருக்கும்தான வரணும்? அவருக்கும் டெல்லிக்கும் எப்பிடி வரும்? நியாயத்த சொல்லுங்க."

தெய்வசிகாமணிக்கு இது புதிதாக இருந்தது. தாடையைச் சொறிந்தார். "நீ சொல்றது கரெக்டுதான் அந்தோணி. ஆனா பெரிய ஆளுங்க விஷயத்துல எல்லாம் கொஞ்சம் மேல தள்ளி உழும்."

சாமியாரிடமும் போனாள். இதில் அவளுடைய தவறு ஒன்றுமில்லை, இது முழுக்க மூடநம்பிக்கை என்று அவர் திருத்தமாக எடுத்துச் சொன்னார். அதை ஊரில் வந்து சொல்லுங்கள் சாமி என்றாள். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் சொன்னார். அதுவரை விஷயம் தெரியாமலிருந்த சிலருக்கும் அன்றைக்குத் தெரிந்துபோனது.

ஆடி பிறந்த பிறகு தாற்காலிக அனுமதி வந்தது. எல்லாப் பாத்திக்கும் இல்லை. சாலையை ஒட்டிய ஒரு பகுதிக்கு மட்டும், மழைக்காலம்வரை. தெய்வசிகாமணி ஆள் கூப்பிட்டார், அவளையும் கூப்பிட்டார். அவரிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது. "வேலைக்கு வர்றவங்க யாரும் வரலாம். ஜோடிய நீங்களே பாத்துக்குங்க" என்றார்.

விடிவதற்குள் அவள் போய் நின்றாள். கூடை, தலைக்குச் சும்மாடு, காலுக்குப் பழைய சாக்ஸ். மற்றவர்கள் இரண்டிரண்டாகப் பிரிந்து பாத்திகளில் இறங்கினார்கள். முத்தம்மாள் தன் தங்கை மருமகள் ரேணுகாவோடு இறங்கினாள். ரேணுகா அன்றைக்குத்தான் முதல்முறையாக உப்பளத்தைப் பார்க்கிறாள். கூடையை எப்படிப் பிடிப்பது என்றே தெரியாமல் தடுமாறினாள். முத்தம்மாள் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். யாரும் அந்தோணியம்மாளை ஏசவில்லை. வழியில் எதிர்ப்பட்டவர்கள் ஒதுங்கி வழியும் விட்டார்கள்.

அவள் கூடையை நிரப்பிவிட்டு நின்றாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது. வரப்பில் போகிறவர்களைப் பார்த்து, "ஒரு கை குடுங்களேன்" என்றாள். தலையில் பாரம் இருப்பவள் எப்படிக் கை கொடுப்பாள்? திரும்பி வருகிறவளிடம் பாரம் இல்லை. அவளுக்கு அவசரம் இருந்தது.

கடைசியில் பாதிக் கூடை அள்ளினாள். பாதியென்றால் முட்டியில் வைத்து, தம் பிடித்து, தானே ஏற்றிக்கொள்ளலாம். அம்பாரத்தடியில் நின்ற தெய்வசிகாமணி முகத்தைச் சுளித்தார். "பாதிய நான் எப்பிடிம்மா கணக்குல சேக்கறது? மத்தவங்க கேப்பாங்களா மாட்டாங்களா? முழுசா கொண்டா, இல்ல ஊட்டுக்குப் போ."

அவள் வீட்டுக்குப் போகவில்லை. தினமும் வந்தாள். முழுக் கூடையை நிரப்பி வைத்துக்கொண்டு, வழிப்போக்கர், லாரிக்காரன், ஆடு மேய்க்கிறவன் என்று யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். யாராவது கை கொடுத்தால் ஒரு நடை. இல்லாவிட்டால் இல்லை. கெஸ்ட் ஹவுஸ் வேலைக்கு வந்துவிடு என்று பிரியங்கா போனில் கெஞ்சினாள். "பத்து பாத்திரம் தேச்சிட்டு ஃபேன் காத்துல இருக்கலாம்மா." அதை அவளால் விளக்கிச் சொல்ல முடியவில்லை. இந்த நேரத்தில் விட்டுப்போனால், தப்பு செய்தவள் ஓடிப்போய்விட்டாள் என்று ஆகிவிடும். முத்தம்மாள் கையால் ஒரே ஒரு கூடை தலையில் ஏறிவிட்டால் போதும், அப்புறம் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றிருந்தது.

ஆவணியில் ஒரு ஞாயிறு, பிரியங்கா ஊருக்கு வந்தவள் போனை நீட்டினாள். "அம்மா, இது உன் கைதான?"

படம் இரண்டாகப் பிரிந்திருந்தது. இடதுபக்கம் மரக்காணம். அவள் கை, உப்பு, நடுங்கிய குரல், வெட்கப்படுகிறேன். வலதுபக்கம் மலை தெரியும் ஏதோ ஒரு கல்லூரி விழா, அதே மனிதர், கழுத்தில் மஞ்சள் துண்டு, கொஞ்சம் சதை போட்டிருந்தார். டெல்லியில் இப்போது இருப்பதுபோல் ஏழைகளின் குரலைக் கேட்கும் அரசு இந்த நாட்டில் இதுவரை அமைந்ததே இல்லை என்று பேசிக்கொண்டிருந்தார். கீழே தமிழில் எழுத்து ஓடியது. அதற்குக் கீழே ஆயிரக்கணக்கில் சிரிக்கிற பொம்மைகள்.

பிரியங்காவும் சிரித்தாள். அந்தோணியம்மாள் சிரிக்கவில்லை. அவளுக்கு முதலில் வந்தது கோபம். ஆறு மாதமாக அந்த மனிதருக்காக அவள் இரவில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள், தன் கை பட்டதால் கெட்டாரே என்று. இப்போது அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. கோபம் கொஞ்சம் ஆறியதும், வேறொன்று பளிச்சென்று புரிந்தது. அந்தச் சண்டை தீர்ந்துவிட்டது.

"அந்த போன நாளைக்கு ஒருநாள் குடுத்துட்டு போடி" என்றாள். போனை இரவல் கொடுக்க இந்தக் காலத்தில் யாரும் சம்மதிக்கமாட்டார்கள். பிரியங்கா அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, தான் லீவு போட்டுக்கொண்டு தங்கிவிட்டாள்.

மறுநாள் கஞ்சி வேளையில் இருவரும் வரப்பில் நடந்து போனார்கள். முத்தம்மாள் ஓய்வுக் கொட்டகையின் நிழலில், கொட்டகைக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். உள்ளே தகரம் காய்ந்து அனலடித்தது. பிரியங்கா படத்தை ஓட்டிக் காட்டினாள். முத்தம்மாள் கை கழுவிவிட்டு வந்து உன்னிப்பாகப் பார்த்தாள்.

"நல்லா ரெண்டு சுத்து பெருத்துட்டாரு" என்றாள்.

"சண்ட தீந்துபோச்சிக்கா" என்றாள் அந்தோணியம்மாள். "அவரும் டெல்லியும் ஒண்ணாயிட்டாங்க. நீயே பாத்தல்ல? நான் குடுத்த உப்பால வந்ததுன்னா, அது போயிடுச்சில்ல? அப்புறம் என் மேல இன்னா இருக்குது?"

முத்தம்மாள் பிரியங்காவைப் பார்த்தாள். "இளைச்சிட்டியே பாப்பா. கடை ஆஸ்டல்ல சோறு சரியில்லியா?"

"ஒரு கூட, ஒரே கூட தூக்கிவுடுக்கா. எல்லாரும் பாக்கறாப்ல."

"அவங்களுக்குத் தீந்துபோச்சி அந்தோணி." முத்தம்மாள் தூரத்துப் பாத்திகளைக் கையால் காட்டினாள். இன்னும் அனுமதி கிடைக்காத பாத்திகள். வாராமல் இறுகிக் கறுத்துப்போயிருந்தன. "அது தீரலியே. என் புள்ள கல்யாணம் தீரலியே." பிறகு குரலை இறக்கினாள். "உன் உப்பாலதான்னு நம்பறனா இல்லியான்னு எல்லாம் எனக்கே தெரியல. இன்னிக்கு நான் உனக்கு தூக்கிவுட்டா, நாளைக்கு எனக்கு தூக்கிவுட ஆளிருக்காது. அந்த ரேணுகா பொண்ணுகூட நிக்காது. என் வயசுல நான் எங்க போவேன், சொல்லு?"

முத்தம்மாள் சொன்னது சரி. அந்தோணியம்மாள் குனிந்து, காலடியில் சிந்திக் கிடந்த உப்பில் ஒரு பிடி அள்ளி நீட்டினாள்.

"அப்ப இத வாங்கிக்க. கைல வாங்கு. நமக்குள்ள சண்ட வந்தாச்சி. இதுக்கு மேல இன்னா வந்துடப்போவுது?"

முத்தம்மாளின் இரண்டு கைகளும் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. அந்த வயதில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல அவள் அப்படி நிற்பதைப் பார்க்கப் பிரியங்காவுக்கே ஒருமாதிரியாக இருந்தது.

நீட்டிய கை வெகு நேரம் அப்படியே இருந்தது. பிறகு அந்தோணியம்மாள் உப்பை வரப்பில் வைத்தாள். கொட்டவில்லை; கிண்ணத்தில் போட்டு வைக்கிறதுபோல மெல்ல வைத்தாள். முத்தம்மாள் அதைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். எடுத்துக்கொள்ளவில்லை.

கழுவெளி ஏரிப் பக்கம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. "மழடா! அம்பாரத்த மூடுங்க!" என்று தெய்வசிகாமணி கத்தினார். உப்பளத்தில் அந்த ஒரு குரலுக்கு மட்டும் எல்லாரும் ஓடுவார்கள். தார்ப்பாயைப் பிரித்தார்கள், கீற்றை இழுத்தார்கள், பாத்தியோரம் வாரி வைத்திருந்ததைக் கூடை கூடையாக அள்ளி ஓடினார்கள். அந்தோணியம்மாளும் ஓடினாள். காலையில் நிரப்பி வைத்த கூடை தன் பாத்தியோரத்தில் அப்படியே இருந்தது. பிரியங்கா ஒருபக்கம் பிடித்துத் தூக்கப் பார்த்தாள். புடவை விரிக்கிற கை, உப்பின் கூர் கிழித்ததும் விட்டுவிட்டது.

"வுடு பாப்பா. நனையாத, கொட்டாய்க்குள்ள போ."

மழை சாலையைத் தாண்டி, பாத்தி பாத்தியாகக் கடந்து வந்தது. ஆவணி மழை நின்று பெய்யாது, அடித்துவிட்டுப் போய்விடும். எல்லாரும் கொட்டகைக்குள் நெருக்கியடித்து நின்றார்கள். கட்டிய நாளிலிருந்து அன்றைக்குத்தான் அது முழுசாக நிரம்பியது. அந்தோணியம்மாள் மட்டும் கூடையருகே குந்தி, முந்தானையை அதன்மேல் பிடித்துக்கொண்டிருந்தாள். முந்தானைக்கு அடியில் உப்பு கரைந்து, கூடையின் இடுக்குகள் வழியாகப் பாத்திக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

மழை விட்டதும் கூடையை ஒருமுறை அசைத்துப் பார்த்தாள். பாதிக்கும் கீழே வந்திருந்தது. ஈரச் சும்மாட்டைப் பிழிந்து தலையில் வைத்தாள். கூடையை முட்டிக்கு ஏற்றி, முட்டியிலிருந்து தோளுக்கு ஏற்றி, தலையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். கொட்டகையில் நின்ற அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூடையைக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள் என்று அவளுக்கும் தெரியும். அம்பாரத்துக்குப் போகும் வரப்பில் வழுக்காமல் காலைப் பார்த்து வைத்து நடக்க ஆரம்பித்தாள்.